கோச்சுக்கு ஒரு பொட்டலம்

"நம்ம டீமை அம்போன்னு விட்டுட்டு எதிரணிக்குக் கோச்சாப் போனாருல்ல, அவருக்கு வெச்சிருக்கேன் இன்னிக்கு!" பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார் எலெக்ட்ரீஷியன்.

அழுகின தக்காளியோ என்று பயந்து, மனைவியும் கூடவே ஓடினாள்.

ஃபுட்பால் மைதான வாசலில் எதிரணியின் பஸ் வந்து நின்றது. பழைய கோச் தலையைக் குனிந்தபடி இறங்கினார். பொட்டலம் பறந்தது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

சுற்றிலும் ஒரே கைதட்டல். கண்ணைத் திறந்து பார்த்தால், பொட்டலத்தைப் பிரித்த கோச்சின் கழுத்தில் புது மஃப்ளர்!

"என்னங்க, எதிரணி கலர்லயா வாங்கினீங்க?"

"நம்ம கலர்ல வாங்கினா அவரால போட முடியுமா? இந்தப் பனியில கத்தினா அவருக்குத் தொண்டை கட்டிக்கும்டி."

கோச் கையசைத்தார். எலெக்ட்ரீஷியன் வாயருகே கையைக் குவித்துக் கத்தினார்.

"உடம்பைப் பார்த்துக்கங்க சார்! ஆனா இன்னிக்கு மட்டும் தோத்துடுங்க!"