லாபம், ரெண்டு, மூணு

ஆறாவது விரால் படகுக்குள் வந்து விழுந்ததும் குமரவேல் தன்னை மறந்து, "பிடிங்க மாமா" என்றான்.

தில்லைநாயகம் கைத்தராசை நழுவவிட்டார். மீனைப் பார்த்து அல்ல. எட்டு மாதம் கழித்து மருமகன் வாயிலிருந்து மாமா என்ற சொல் வந்திருக்கிறது.

மகள் சித்ரலேகா பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, அவனுக்கு அவர் வெறும் அண்ணாச்சி. கடைவீதியில் யாரும் யாரையும் கூப்பிடுகிற அண்ணாச்சி. எதிரே பார்த்தால் பைக்கைத் திருப்பிவிடுவான். போனை எடுக்க மாட்டான்.

படகிலிருந்து எங்கே இறங்கிப் போவான்?

அதை நினைத்துத்தான் இந்தத் தூண்டில் போட்டிக்கே வந்தார். குமரவேலின் கூட்டாளி ஜாபேஸ் கையை முறித்துக்கொண்டு கிடந்தான். படகுக்கு இரண்டு பேர் இல்லாவிட்டால் சேர்க்க மாட்டார்கள். ஒருவர் தூண்டில் வீச, ஒருவர் எடை போட. டவுண் அரிசி மண்டியில் முப்பது வருஷமாக எடை போடுகிறவர், நான் வருகிறேன் என்று ஜாபேஸ் மூலமாகவே சொல்லியனுப்பினார். குமரவேலுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை.

காலையிலிருந்து ஏரல் பக்கத்துக் குளத்தில் மருமகனின் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நெற்றியில் பூசிய திருநீறு வெயிலில் கரைந்துவிட்டது.

சொல்ல வேண்டியது ஒரு மூச்சில் முடிகிற பேச்சு. மகள் சொல்லிக்கொடுத்தது. பஸ்ஸில் வரும்போது பத்துத் தடவை முணுமுணுத்ததில், பக்கத்துச் சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் போய்விட்டார்.

ஆனால் குளத்தில் வேலை சரியாக இருந்தது. மீன் மாட்டும். கைத்தராசின் கொக்கியில் தொங்கவிடுவார். எண் போட்ட வில்லையை அதன் உதட்டில் மாட்டி, படகின் நடுவிலிருக்கும் தண்ணீர்த் தொட்டியில் விடுவார். எடையை உரக்கச் சொல்வார். குமரவேல் திரும்பாமலே தலையாட்டுவான். மகள் சொன்ன பேச்சு தொண்டையோடு நின்றுவிடும்.

தொட்டியில் ஐந்து மீன்தான் இருக்கலாம். ஆறாவது வந்தால், இருப்பதில் சின்னதைக் கழற்றிக் குளத்தில் விட வேண்டும். விட்டது விட்டதுதான்.

ஆறாவது, ஒரு கிலோ முந்நூறு கிராம் இருந்தது. தொட்டியில் சின்னது நாலாம் வில்லை, கிலோ நூறு. இதெல்லாம் அவருக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும். விசில் ஊத இன்னும் பத்து நிமிஷம். கோப்பை கைக்குள் வந்த மாதிரிதான்.

குமரவேல் தொட்டிமேல் குனிந்து, முகமெல்லாம் சிரிப்பாக நிமிர்ந்தான். "எதை மாமா விட?"

இரண்டாவது மாமா.

தில்லைநாயகம் கண்ணை இறுக மூடிக்கொண்டார். எச்சில் விழுங்கிக்கொண்டு சொல்லிவிட்டார்.

"ஒண்ணை விட்டுத்தான் ஆகணும், மாப்ளே."

கண்ணைத் திறந்தபோது, குமரவேல் ஒன்றாம் வில்லையைக் கழற்றி மீனைப் படகுக்கு வெளியே நீட்டியிருந்தான். அது வழுக்கிப் போகும்போதுதான் அவனுக்குக் கனம் தெரிந்தது. வெறும் கையைப் பார்த்தான்.

ஒன்றாம் வில்லைதான் இருப்பதிலேயே பெரிது. கிலோ தொள்ளாயிரம்.

அவர் எடையைச் சொல்லாமல் இல்லை. மண்டிக்காரர்கள் முதல் எடையை ஒன்று என்று எண்ண மாட்டார்கள். லாபம் என்று தொடங்கி, பிறகு ரெண்டு, மூணு என்று போவார்கள். காலையில் முதல் மீனுக்கும் "லாபம், கிலோ தொள்ளாயிரம்" என்றுதான் கத்தினார். மாமனார் வாழ்த்துகிறார் போல என்று நினைத்த குமரவேல், அது ஒன்றாம் வில்லையின் எடை என்று எடுத்துக்கொள்ளவில்லை.

முப்பது வருஷத்தில் முதல் எடைக்கு ஒண்ணு என்று சொல்லாத வாய் அது. அவனுக்கு அது தெரிய நியாயமில்லை.

"நீங்கதான ஒண்ணுன்னு சொன்னீய?" என்றான்.

"வாய் தவறிட்டு, மாப்ளே."

அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஆறாவது மீனைத் தொட்டிக்குள் விட்டுவிட்டு, "சரி, விடுங்க அண்ணாச்சி" என்றான்.

வந்த மாமா போய்விட்டது. தில்லைநாயகத்துக்கு அழுகை வந்தது. கைத்தராசைத் துடைக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டார்.

மொத்த எடையில் ஐந்நூறு கிராம் குறைந்து கோப்பை வேறு படகுக்குப் போனது. கரையில் குமரவேல் தூண்டிலை மடக்கிப் பைக்கில் கட்டினான். "நான் பேட்டைக்குப் போறேன் அண்ணாச்சி. நீங்க பஸ்ஸப் பிடிச்சிருங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

பைக் சத்தம் மறைவதற்குள் சித்ரலேகா போன் செய்தாள்.

"அப்பா, நான் சொல்லித்தந்த மாதிரியே சொன்னீயளா? 'பேட்டையில ஒருத்தி, இங்கன ஒருத்தின்னு ரெண்டு வீடு வச்சுக்கிட முடியாது, ஒண்ணை விட்டுத்தான் ஆகணும், மாப்ளே'ன்னு?"

"சொன்னேம்மா." கடைசிப் பாதி சொன்னது உண்மைதானே.

"அவுக என்ன செஞ்சாக?"

உள்ளங்கையில், அவன் படகில் போட்டுவிட்டுப் போன ஒன்றாம் வில்லை இன்னும் ஈரமாக இருந்தது. மீனைப் பற்றிச் சொல்லத்தான் வாயெடுத்தார்.

"ஒண்ணை விட்டுட்டாகம்மா..."

மேலே சொல்வதற்குள் அந்தப் பக்கம் அழுகை வெடித்தது. எட்டு மாதமாக அழுத அழுகை இல்லை, வேறு. அவள் அடுக்களைப் பக்கம் ஓடுவது கேட்டது. "எம்மா, பேட்டையை விட்டுட்டாகளாம்."

இல்லை என்று சொல்ல வேண்டும். இந்தத் தடவை ஒரே ஒரு சொல்தான்.

தில்லைநாயகம் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார்.