கரை ஒதுங்கிய மூட்டை

"காலம் கெட்டுப்போச்சுலே! சோறு போடுத நாட்டுக்கே துரோகம் பண்ணுதானுவ!"

கஸ்டம்ஸ் ஆபீஸ் வாசலில் மளிகைக்கடை சிவனாண்டி அண்ணாச்சி கத்தினார். அவர் பிடியில் ஜீவமணியின் சட்டைக் காலர். ஜீவமணி தலையில் ஈரம் சொட்டும் சாக்கு மூட்டை.

"ஐயா, காலரை விடுங்க. கரையில ஒதுங்கிக் கெடந்திச்சி. இங்க ஒப்படைக்கத்தான் தூக்கிட்டு வந்தேன்."

"சிலோன்லருந்து வந்தவன் தலையில கடத்தல் மூட்டை. விடியக்காலம் கடற்கரையிலயே பிடிச்சு இழுத்துட்டு வாரேன். ஒப்படைக்க வந்தானாம்! நம்பச் சொல்லுதியோ?"

"நானும் இந்தியன்தாங்க. குடியுரிமை வாங்கி வந்து ஆறு மாசந்தான் ஆவுது. கேசு கீசுன்னு ஆயிட்டா, பிள்ளைகள வச்சிக்கிட்டு எங்கங்க போவேன்?"

"முத்திரை குத்திட்டா இந்தியன் ஆயிருவியோ? அது பொறப்புலயே இருக்கணும்லே, என்னைய மாதிரி!"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

அதிகாரி வெளியே வந்தார்.

"அண்ணாச்சி, கையை எடுங்க. இவர் சம்சாரம் அப்பவே ஓடிவந்து தகவல் சொல்லிட்டாங்க. அங்க பாருங்க."

உள்ளே பெஞ்சில் கிரேசி முந்தானையால் வாயைப் பொத்தி அழுதுகொண்டிருந்தாள். கூட்டம் இப்போது அண்ணாச்சியைப் பார்த்துச் சிரித்தது. அவர் காலரை விட்டார்.

மூட்டையைப் பிரித்தார்கள். பிளாஸ்டிக் தாளுக்குள் அத்தனையும் நைலக்ஸ் சேலைகள். அரக்கு, பச்சை, ஊதா.

"ஆமா, விடியக்காலம் கடற்கரையில உங்களுக்கு என்ன வேலை அண்ணாச்சி?"

"சும்மா... காத்து வாங்கப் போனேன்."

"இவர்கிட்ட மன்னிப்புக் கேளுங்க."

அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ஜீவமணிதான் சொன்னான்: "பரவாயில்லீங்க. நாட்டு மேல உள்ள பாசத்துலதானே பிடிச்சாரு."

அடித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அண்ணாச்சிக்கு. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தெருவில் இறங்கினார்.

முக்கில் வள்ளக்காரன் ரோச் பதுங்கி நின்றான்.

"அண்ணாச்சி, விடியுமுன்ன கரைக்கு வரச் சொல்லி அலைக்கழிச்சிட்டேன். கஸ்டம்ஸ் லாஞ்சு விரட்டுச்சு. உங்க மக கல்யாணத்துக்குச் சொன்ன சிலோன் சேலை மூட்டையக் கடல்ல தள்ளிட்டேன். எங்கனயாச்சும் ஒதுங்குச்சா?"

"ஒதுங்குச்சு, ஒதுங்குச்சு. எடுத்தவன் நேரா கஸ்டம்ஸ்லயே கொண்டுபோய்க் குடுத்துட்டான். என்ன இருந்தாலும் அவன் சிலோன்காரன்தாம்லே!" என்று முனங்கிக்கொண்டே, தலை நிமிராமல் நடந்தார் அண்ணாச்சி.