கம்பெனி பஸ்

சர்க்கரை கூடிவிட்டதென்று டாக்டர் சொன்னதால், தணிகாசலம் கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு சைக்கிளில் வேலைக்கு வர ஆரம்பித்தார். இரண்டாவது வாரமே மேனேஜர் எல்லோரையும் நிற்கவைத்து அவருக்குச் சால்வை போர்த்தினார். “ஐம்பத்தாறு வயசு. அஞ்சு கிலோமீட்டர் மிதிச்சு, சங்கு ஊதுறதுக்கு முன்னாடி வந்து நிக்கிறாரு. அவரால முடியுதுல்ல?” தணிகாசலம் கூச்சத்தோடு கும்பிட்டார். திங்கட்கிழமை முதல் பஸ் நின்றுபோனது.

ஏழு மாதக் கர்ப்பிணியான குணவதியைத் தவிர, பஸ்ஸில் வந்த மற்ற நாற்பது பேரும் சைக்கிள் வாங்கினார்கள். அவள் நடந்து வந்தாள். தணிகாசலத்திடம் யாரும் சண்டைக்குப் போகவில்லை, பேசவும் இல்லை. அவரைத் தாண்டிப் போகும்போது ஆளுக்கு ஒருமுறை மணி அடித்தார்கள், அவ்வளவுதான்.

மழை பெய்த ஒரு காலையில் வாய்க்கால் பாலத்தில் சறுக்கி விழுந்தார். சைக்கிளுக்கடியில் கால் மாட்டி எலும்பு முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது. நாற்பது சைக்கிள்களும் ஒவ்வொன்றாக மணி அடித்துக் கடந்தன.

கடைசியாகக் குணவதி வந்தாள். நின்றாள்.

“கொஞ்சம் தூக்கி விடும்மா” என்று கையை நீட்டினார்.

அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரமப்பட்டுக் குனிந்து, கிடந்த சைக்கிளின் மணியை ஒருமுறை அடித்துவிட்டு நடந்தாள்.