இடது ஸ்பீக்கர்

பத்து காஜா டவுனில் வாங்கி வந்த பழைய ஸ்டீரியோவில் வலது ஸ்பீக்கர் நன்றாகப் பாடியது. இடது ஸ்பீக்கரில் மட்டும் ஓர் ஆண்குரல் நிதானமாகப் பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

கலாதேவி வயர்களை மாற்றிச் செருகினாள். கோளாறு ஆம்ப்ளிஃபயரில் என்றால் குரல் வலப்பக்கம் போக வேண்டும். போகவில்லை. ஸ்பீக்கர்களையே இடம் மாற்றினாள். குரல் இடது மூலையிலேயே இருந்தது.

விற்றவருக்குப் போன் செய்தாள்.

“ரேடியோ புகுந்திருக்கும் லா. வேணாம்னா இன்னைக்கே கொண்டு வாம்மா, எடுத்துக்கிறேன்.”

பிளக்கைப் பிடுங்கினாள். பாட்டு நின்றது.

“ஐயாவு,” என்றது குரல். “வந்தேன்,” என்றார் யாரோ.

ஐயாவு மாமாவின் சாவு வீட்டுக்கு அவளும் போயிருந்தாள்.

அப்பா தேநீரோடு வந்து மூலையருகே நின்றார். “பெரட்டும்மா. தோட்டத்துல காலையில வேலைக்கு முன்னாடி இப்படித்தான் ஆள் கூப்பிடுவாங்க. எல்லாம் எங்க லயத்து வரிசை வீட்டு ஆளுங்க.”

அவள் அட்டைப்பெட்டியை எடுத்தாள். “தள்ளுங்கப்பா, திருப்பிக் கொடுத்துட்டு வாரேன்.”

“ராக்காயி,” என்றது குரல். “வந்தேன்,” என்றாள் ஒருத்தி.

அப்பா தேநீரைக் கீழே வைத்துவிட்டுச் சட்டைப் பொத்தான்களைப் போட்டார்.

“சத்தம் போடாத. ராக்காயிக்கு அடுத்தது எப்பவும் நான்தான்.”

மூலையில் யாரோ தொண்டையைச் செருமினார்.