லாசரின் கம்ப்ரஸர்

“உங்களை யாருங்க வரச் சொன்னது?”

பட்டறை வாசலில் மெக்கானிக் மாதப்பனைப் பார்த்ததும் லாசரின் முகம் மாறியது.

“உங்க பொண்ணுதானுங்க. எஸ்.டி.டி. பூத்துலருந்து போன் பண்ணுச்சு. இரும்பு வெட்டற பிளாஸ்மா மிஷினோட கம்ப்ரஸர் சூடேறிச் சூடேறி நின்னுருதாமே? சேலத்துலருந்து மொத பஸ்ஸுக்கே கெளம்பிட்டனுங்க.”

“அவளுக்கு எதுக்குங்க இந்த வேலை?”

ஜெயமேரி அங்கேதான் நின்றிருந்தாள். தலைச்சோலை ஊர்ப் பையன் பொன்னுவேலை வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொண்டு போனவள். குழந்தை பிறந்ததும் அம்மா அழுது அழைத்ததால் வந்திருக்கிறாள். வந்து இருபது நாளாகியும் லாசர் மகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேரன் படுத்திருக்கும் அறைப் பக்கம்கூடப் போகவில்லை.

மாதப்பன் பையை இறக்கினார். ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தார், சுத்தமாக இருந்தது. ஆயில் சரியாக இருந்தது. பெல்ட் தளரவில்லை. ஃபேனும் நன்றாகச் சுற்றியது. தகடு ஒன்றை எடுத்து வெட்டச் சொன்னார். ஒரு மணி நேரம் ஓடியும் சூடு ஏறவே இல்லை.

“நொம்ப நல்லாத்தானுங்களே ஓடுது! எப்பருந்துங்க இந்தக் கோளாறு?”

லாசர் குனிந்து, வெட்டிய தகட்டை ஓரமாக எடுத்து வைத்தார்.

“நான் வந்த மறுநாள்லருந்துங்கண்ணா,” என்றாள் ஜெயமேரி. “கிறிஸ்மஸுக்குள்ள சர்ச்சு கேட்டை முடிச்சுக் குடுக்கோணும். நேத்து மட்டும் மூணு தடவை நின்னுருச்சு. எல்லாம் என்னோட ராசின்னு அப்பா நெனைக்கிறாரு போல. இதைச் சரி பண்ணிக் குடுத்துருங்க, நான் எங்க ஊட்டுக்கே கெளம்பிடறேன்.”

கையிலிருந்த டீ டம்ளரை அப்பாவின் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். லாசர் அதைத் தொடவில்லை.

மாதப்பனுக்கு மனசு கேட்கவில்லை. “மிஷின்ல ஒண்ணுமே இல்லீங்க” என்று சொல்லிவிட்டு பஸ் நிற்கும் ஒண்டிக்கடை வரை நடந்தார். நாம் இருக்கும்போது ஒழுங்காக ஓடுகிறது; மற்ற நேரத்தில் சூடேறுகிறது. அப்படியென்றால் யாரோ ஏதோ செய்கிறார்கள். பெற்ற மகளை விரட்ட இப்படியும் ஒரு வழியா? பஸ் ஏறாமல் மலைப் பனிமூட்டத்துக்குள்ளேயே திரும்பி வந்தார்.

பட்டறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே கம்ப்ரஸர் மூச்சு முட்டுவதுபோல் ஓடிக்கொண்டிருந்தது. மாதப்பன் கதவைப் பட்டென்று தள்ளினார்.

கம்ப்ரஸரின் சூட்டுக் காற்று வரும் ஃபேன் கூண்டு முழுவதும் குழந்தையின் ஈரத்துணிகள். லாசர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.

“சத்தம் போடாதீங்க!” பதறிப்போய் மாதப்பனின் கையைப் பிடித்துக்கொண்டார் லாசர். “இந்தப் பனியில ஒரு துணி காய மாட்டேங்குதுங்க. சின்னவனுக்குச் சளி கட்டிக்கிச்சு. அவங்கம்மா அடுப்புல காய வெக்கறான்னுதான் ஜெயமேரி நெனச்சுக்கிட்டு இருக்கறா. நீங்க ஒண்ணும் சொல்லிப்போடாதீங்க... இந்த மிஷின் சரியாகறதுக்கு இன்னும் மூணு மாசமாவது ஆகும்னு மட்டும் ஜெயமேரிகிட்டச் சொல்லிட்டுப் போங்க.”