வாசலில் ஒரு கண்

கெய்ரோ அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசல் காவலாளி சாபிரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார் வாக்தி.

"என் தம்பி எங்க வீட்டுல ஒளிஞ்சிருந்தது உனக்கு மட்டும்தான்டா தெரியும்! போலீஸ் வந்து அள்ளிட்டுப் போயிடுச்சே!"

"நான் சொல்லலைங்க ஐயா."

"புளுகாதே! இங்க யார் வர்றா, போறான்னு மாசாமாசம் ஸ்டேஷனுக்கு எழுதிக் குடுக்கிறது யாரு?"

"நான்தாங்க. ஆனா உங்க வீட்டுக்கு யாருமே வரலைன்னுதான் ஆறு மாசமா எழுதினேன்."

வாக்தியின் பிடி தளர்ந்தது.

"உங்க ரேஷன் கார்டுல கூடுதலா வாங்கின ரொட்டி, ஏறிப்போன கரண்ட் பில், சர்க்கரை வியாதியே இல்லாத நீங்க ஆஸ்பத்திரியில வாங்கின இன்சுலின்... எல்லா ஆபீசும் விவரத்தை ஒண்ணா சேர்த்துட்டாங்களாம். கம்ப்யூட்டரே காட்டிக் குடுத்துடுச்சு."

அப்போதுதான் சாபிரின் கக்கத்திலிருந்த மூட்டையைப் பார்த்தார் வாக்தி.

"இது என்னடா?"

"மாத்துத் துணிங்க. பொய் எழுதினதுக்கு என்னையும் வரச் சொல்லியிருக்காங்க."