திரை இல்லாத கணினி

"என்ரை போனைத் தாங்கோ, அண்ணை."

அந்தக் கதையை மட்டும் எடுக்காதே என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். தக்சாயினி எடுத்துவிட்டாள்.

முன்னறையில், தன்னுடைய கணினி மேசையடியில் இருந்துகொண்டுதான் கேட்டாள்.

றஜிந்தன் தேத்தண்ணியை உறிஞ்சிவிட்டு, போன் மருதனார்மடத்துக் கடையொன்றில் திருத்தக் கொடுத்துக் கிடக்கிறது என்றான். போன கிழமை சொன்ன அதே கதை. டிஸ்பிளே உடைந்துவிட்டதாம், சாமான் கொழும்பிலிருந்து வரவேணுமாம்.

பிறவியிலேயே கண் தெரியாத தங்கைக்குச் சொல்ல அவனுக்கு வேறு பொய் கிடைக்கவில்லை.

"அது கதைக்கிற போன். டிஸ்பிளே இல்லாமலே கொண்டந்து தாங்கோ."

கம்பஸ் முடித்த வாய், என்றான். அந்த வீட்டில் பல்கலைக்கழகப் படி ஏறியது அவள் ஒருத்திதான். அதை அவன் ஏதோ ஒரு நோயின் பெயரைப் போலத்தான் சொல்வான்.

எல்லாம் அந்தச் சுவிஸ் மாப்பிள்ளையால் வந்தது. பெண் பார்க்க வந்தவர் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. இவவுக்கு வெளிச்சமாவது தெரியுமா என்று அண்ணனிடம் கேட்டார். துப்புரவாக ஒன்றும் தெரியாது என்று அவன் சொன்னதும், நல்லது, தனியே வெளிக்கிட்டுத் திரியாது என்றார், மாடு வாங்க வந்தவரைப் போல. தக்சாயினி மாட்டேன் என்று அந்த இடத்திலேயே எழும்பிப் போனாள்.

அவர் சுவிசுக்குத் திரும்பிவிட்டதாகப் பிறகு சொன்னார்கள். கோபம் ஒன்றும் இல்லையாம். போகும்போது றஜிந்தனுக்கு ஒரு சென்ற் போத்தல்கூடக் கொடுத்துவிட்டுப் போனாராம். அன்றிலிருந்து பின்னேரங்களில் வீடு முழுக்க அந்த மணம்.

அதோடுதான் போன் உடைந்தது. கணினியின் மொனிற்றரும் போனது. கண் தெரியாதவளுக்கு என்னத்துக்கு என்று றஜிந்தன் அதைக் கழற்றிக்கொண்டுபோய்ப் தெருப் படலைக் கமராவுக்குக் கொழுவினான். மொனிற்றர் போனால் கணினி செத்தது என்பது அவன் நினைப்பு. பெட்டியையும் விசைப்பலகையையும் மேசையிலேயே விட்டுவிட்டான்.

அவள் கம்பஸ் காலம் முழுக்க மொனிற்றரைப் போடாமலே படித்தவள். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்ல ஒரு மென்பொருளும், கேட்க ஒரு இயர்போனும் போதும்.

போனுக்கென்று செய்த செயலிகளைக் கணினியில் ஓட்டலாம் என்று காட்டித் தந்தவள் கூடப் படித்த ஜிஹானா. கணினிக்குள் ஒரு பொய்ப் போனை உண்டாக்கவேண்டும். முதலில் அது ஊமையாக நின்றது. கணினியின் வாசிப்பான் வாசலில் நின்று தட்டியதே தவிர உள்ளே போகவில்லை. பிறகு தக்சாயினி பொய்ப் போனின் சொந்த வாசிப்பானை எழுப்பினாள். இரண்டு குரலும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு கதைத்தன. ஒன்றின் வாயை அடைத்தாள். மற்றது சொல்லத் தொடங்கியது.

தொலைந்த போனைத் தேடும் செயலி காலையில் சொன்னது: தெல்லிப்பழை.

பின்னேரம் சொன்னது: அளவெட்டி. அவர்களுடைய வீட்டு ஒழுங்கை.

அடுத்த நாளும் அப்படித்தான். மருதனார்மடத்தை அது ஒருக்காலும் சொல்லவில்லை. றஜிந்தனின் கடை தெல்லிப்பழையில். போன் அவனுடைய சட்டைப்பைக்குள் போய் வருகிறது என்று அவள் முடிவெடுத்தாள். ஆனாலும், ஒருதரம் வாய்விட்டுக் கேட்டால் உண்மை சொல்வானோ என்று பார்க்கத்தான் இன்றைக்குக் கேட்டாள்.

சொல்லவில்லை.

மேசையில் அவளுடைய விரல் விசையின் மேல் இருந்தது. ஒலிக்கச் செய்யவா என்று செயலி காதுக்குள் கேட்டது.

அழுத்தினாள்.

போன் அடித்தது.

அண்ணன் இருந்த பக்கம் அல்ல. அம்மா கரண்டியோடு நின்ற குசினி வாசலிலும் அல்ல.

கதவடியில், ஒருவரும் இருப்பதில்லை என்று அவள் நினைத்திருந்த பிளாஸ்டிக் கதிரையில்.

கதிரை நெரிந்தது. யாரோ அவசரமாகப் பையைத் தடவும் சத்தம். அந்தச் சென்ற் மணம் அங்கிருந்து குப்பென்று எழும்பியது.

இத்தனை பின்னேரமும் இந்த அறையில்தான் அவள் சீப்பெடுத்துத் தலை இழுத்தாள். குளித்துவிட்டு ஈரத் துவாயோடு இதற்குள்ளால்தான் நடந்துபோனாள். இங்கே இருந்துதான் அம்மாவிடம், அந்த மனுசனைக் கட்டுவதிலும் பார்க்கக் கிணற்றில் விழலாம் என்று சொன்னாள்.

கதிரையில் ஆள் இருப்பது அம்மாவுக்கு அப்போதே தெரியும்.

"போனைப் பாத்திட்டுத் தாறன் எண்டவர்," என்றான் றஜிந்தன். "ஆரோடை கதைக்கிறாய் எண்டு கட்டப்போற ஆளுக்கும் தெரியவேணும்தானே."

தக்சாயினி செயலியில் அடுத்த பொத்தானுக்குப் போனாள். போனில் உள்ள எல்லாவற்றையும் அழிக்கவா என்று கேட்டது. அழுத்தினாள். கதவடியில் மணி பாதியில் அடங்கியது.

மேசைக்குக் கீழே இருந்து பையை இழுத்தெடுத்தாள். காலையிலேயே அடுக்கி வைத்த பை. வெள்ளைப் பிரம்பை உதறி நீட்டினாள்.

படலையடியில் ஓட்டோ வந்து நின்று ஹோர்ன் அடித்தது. போனில் மட்டும் ஓடும் செயலியில், ஜிஹானாவின் கணக்கில், போன் இல்லாதவள் கூப்பிட்ட ஓட்டோ. அண்ணனிடம் வாயைத் திறக்க முன்னமே கூப்பிட்டுவிட்டாள்.

அந்த மணத்தைத் தாண்டித்தான் போகவேண்டியிருந்தது. பிரம்பின் நுனி வாசலில் ஒரு காலில் தட்டியது. கால் விலகவில்லை.

இன்னொருதரம் தட்டினாள், பலமாக. விலகியது.

படலையில் ஒருகணம் நின்று, கமரா இருக்கும் பக்கம் முகத்தை நிமிர்த்தினாள். உள்ளே அவளுடைய மொனிற்றரில்தான் இப்போது அவளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நல்லாகப் பார்க்கட்டும்.

பிரம்பை மடக்கிக்கொண்டு ஓட்டோவில் ஏறினாள்.